ஊருணித் தண்ணியும் பில்ட் கேஷும்: சின்ன டீம் சொந்தமா ஒரு கேஷ் சர்வர் நிறுத்துவது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே விஷயம்தான்: பில்ட் கேஷ். கல்லாப்பெட்டி கேஷ் இல்லை, ஒளிச்சு வைக்கிற கேஷ். பிரெஞ்சு மொழியில ஒளித்துவைப்பதைக் குறிக்கிற வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. 1968-ல் ஐபிஎம் தன்னோட சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில, பிராசசருக்குப் பக்கத்துல வச்ச சின்ன, வேகமான நினைவகத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துச்சு. அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் ஐடியா ஒண்ணுதான். ஒருதடவை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததைக் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கோ, அடுத்த தடவை திரும்பப் போகாதே.

இதைப் பத்தி நான் பேசறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் வேலை பார்க்கிறது அருப்புக்கோட்டையில இருந்து. எங்க டீம்ல சிலர் சென்னையில, ஒருத்தர் பெங்களூருல, ஒரு பொண்ணு திருச்சுழியில. எங்க சிஐ கிளஸ்டர், அதாவது யாராவது கோடு அனுப்பினா தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற கிளஸ்டர், மும்பை டேட்டா சென்டர்ல ஓடுது. எல்லாரும் ஒரே கோடைத்தான் எழுதறோம். ஆனா சென்னைக்காரர் கையில 32 ஜிபி ரேம் இருக்கிற மெஷின். திருச்சுழி வீட்ல இருக்கறது 8 ஜிபி லேப்டாப். அவர் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடியற பில்ட், இங்க மதியச் சாப்பாடு வரைக்கும் இழுக்கும்.

"சொந்த ஊர்ல இருந்தே வேலை பாருங்க"ன்னு சொல்றது சுலபம். ஆனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மணி நேரம் காத்திருக்கிறவங்க ஒருநாளைக்கு எத்தனை மாற்றம் முயற்சி பண்ண முடியும்? ஆறு மாசம் கழிச்சு மதிப்பீடு எழுதும்போது, லேப்டாப் மெதுவா இருந்ததுன்னு யாரும் எழுத மாட்டாங்க, ஆள் மெதுவா இருந்தாங்கன்னுதான் எழுதுவாங்க. அதனால இது வெறும் வேக விஷயம் மட்டும் இல்லை.

கேஷுக்குள்ள என்னதான் இருக்கு?

பில்ட் என்பது ஒரே பெரிய வேலை கிடையாது. ஆயிரக்கணக்கான சின்ன வேலைகள். இந்த ஃபைலை கம்பைல் பண்ணு, அந்த ரெண்டையும் இணை, இந்த டெஸ்டை ஓட்டு. நேத்து சென்னையில ஒருத்தர் அதே ஃபைலை, அதே கம்பைலரோட, அதே செட்டிங்ஸோட கம்பைல் பண்ணியிருந்தா, இன்னைக்கு இங்க அதே வேலையைத் திரும்பச் செய்யறதுல அர்த்தமே இல்லை. ரிசல்ட் ஒண்ணுதான்.

இந்த எண்ணம் புதுசு இல்லை. சாம்பா திட்டத்துல பேர் வாங்கின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002-ல் எழுதின சிசி-கேஷ், சி மொழி கம்பைல் வேலைக்கு இதைத்தான் செஞ்சது. கூகுள் தனக்குள்ள வச்சிருந்த பில்ட் கருவியை 2015-ல் பேஸெல் என்ற பேர்ல எல்லாருக்கும் திறந்துவிட்டது. கிரேடில் 2017-ல் தன்னோட பில்ட் கேஷைக் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் டர்போரெப்போ, என்எக்ஸ் ரெண்டும் இதே வழிதான். நான் இன்னைக்கு பேஸெலை வச்சு விளக்கறேன். மத்த கருவிகள்லயும் தத்துவம் இதுக்கு ரொம்ப தூரம் இல்லை.

பேஸெல் கேஷுக்கு ரெண்டு அறை. முதல் அறை ஆக்ஷன் கேஷ். ஒரு வேலையோட கட்டளை, அதோட உள்ளீட்டு ஃபைல்கள், சூழல் மாறிகள் எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ் போடும். அது சாவி. அந்தச் சாவிக்கு எதிரா "இந்த வேலையோட விளைவு இன்னின்ன ஃபைல்கள்"னு ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். ரெண்டாவது அறை உள்ளடக்கக் கிடங்கு. உண்மையான ஃபைல்கள் அங்கதான். அங்க ஒவ்வொரு ஃபைலுக்கும் பேரே அதோட ஹேஷ்தான், வழக்கமா எஸ்எச்ஏ-256. ஒரே ஃபைல் பத்து வேலையில வந்தாலும் கிடங்குல ஒரே ஒரு நகல்தான்.

முதல் அறை பேரேடு, ரெண்டாவது அறை குடோன்னு நினைச்சுக்கோங்க. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, பாதுகாப்புப் பகுதியில இது திரும்ப வரும்.

கண்மாய்க் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்து பார்த்தீங்கன்னா வானம் பார்த்த பூமி. கரிசல். வடகிழக்குப் பருவமழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், அதுதான் முக்கியமான வரவு. திருச்சுழி ஓரமா குண்டாறு ஓடுது. ஓடுதுன்னு சொல்றதே கொஞ்சம் தாராளம்தான், வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். இந்த ஊர்கள் பிழைச்சதே கண்மாயாலயும் ஊருணியாலயும்தான். வரும்போது தேக்கு, தேவைப்படும்போது மடையைத் திற.

ஒரு கண்மாய் தனியா இருக்காது. மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சா, அந்தத் தண்ணி கீழ இருக்கிற அடுத்த கண்மாய்க்கு வரும். சங்கிலி மாதிரி. நாங்க கேஷை அமைச்ச விதமும் இதேதான்: மும்பை கிளஸ்டர்ல ஒரு பெரிய கேஷ், அருப்புக்கோட்டை மேஜை மேல ஒரு சின்ன கேஷ்.

ஏன் ரெண்டு? ஒரு கணக்கு போடுவோம். ஒரு பில்ட்டோட ரிசல்ட் மொத்தம் 2 ஜிபின்னு வச்சுக்கோங்க. இணைப்பு விநாடிக்கு 40 மெகாபிட். அப்போ இறக்க மட்டும் 400 விநாடி, கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். அதே 2 ஜிபி அறைக்குள்ள இருக்கிற ஜிகாபிட் நெட்வொர்க்ல வந்தா 16 விநாடி. கூடவே போக்குவரத்து நேரம். 4000 சின்ன வேலைகள், ஒவ்வொண்ணுக்கும் மும்பை போய் வர 40 மில்லிவிநாடின்னா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா கேட்டா 160 விநாடி வெறும் போக்குவரத்துலயே போயிடும். பேஸெல் பல கேள்விகளை ஒரே நேரத்துல கேட்கும்ங்கறதால நிஜத்துல குறையும். ஆனா தூரம் தூரம்தான். கேஷ்ல இருந்து எடுக்கிற நேரம், கம்பைல் பண்ற நேரத்தை விடக் கம்மியா இருந்தாதான் கேஷுக்கு அர்த்தம்.

இங்க ஒரு நல்ல செய்தி. 2023 டிசம்பர்ல வந்த பேஸெல் 7-ல இருந்து, இடையில வர்ற ஃபைல்களை எல்லாம் இறக்காம, கடைசியில நமக்குத் தேவையானதை மட்டும் இறக்கறதுதான் இயல்பான நடத்தை. அந்த 2 ஜிபில நமக்கு வேண்டியது 150 எம்பிதான்னா, அதே 40 மெகாபிட் இணைப்புல 30 விநாடி. பழைய பதிப்புல இருக்கீங்கன்னா, புது சர்வர் நிறுத்தறதுக்கு முன்னாடி இதை மாத்திப் பாருங்க. பல பேருக்கு இதுவே போதும்.

கிளஸ்டர்ல நிறுத்துவோம்

நாங்க எடுத்தது பேஸெல்-ரிமோட். கோ மொழியில எழுதின, திறந்த மூல கேஷ் சர்வர். ஒரே ஒரு கன்டெய்னர், தனி டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம். எச்டிடிபி வழியாவும் பேசும், ஜிஆர்பிசி வழியாவும் பேசும். சொல்ல வேண்டியது ரெண்டே விஷயம்: எந்த ஃபோல்டர்ல சேமிக்கணும், அதிகபட்சம் எவ்வளவு சேமிக்கணும். கிரேடில் ஆட்களுக்கு இதே மாதிரி கிரேடில் நிறுவனமே ஒரு கேஷ் நோட் கன்டெய்னர் தருது.

குபர்னெட்டிஸ்ல இதை ஏத்தும்போது கவனிக்க வேண்டியது அஞ்சு.

முதலாவது, பிரதி ஒண்ணே ஒண்ணு. டிஸ்க் ஒரு நேரத்துல ஒரு நோடுல மட்டும் மாட்டுற வகையா இருந்தா, வழக்கமான ரோலிங் அப்டேட் சிக்கிக்கும். புது பாட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும், பழைய பாட் புதுசு வந்தாதான் போவேன்னு நிக்கும். ஸ்டேட்ஃபுல்செட் போடுங்க, இல்லைன்னா டிப்ளாய்மென்ட்ல அப்டேட் முறையை ரீகிரியேட்னு மாத்துங்க. சில விநாடி கேஷ் இல்லாம போறது ஒரு பிரச்சனையே இல்லை.

ரெண்டாவது, அளவு. டிஸ்க் 100 ஜிபின்னா கேஷோட உச்சவரம்பை 80-க்குள்ள வைங்க. நிறைஞ்சா பேஸெல்-ரிமோட் ரொம்ப நாளா யாரும் தொடாத ஃபைலை முதல்ல வெளியேத்தும். கண்மாய்க்குக் கலுங்கு மாதிரின்னு சொல்லலாம். ஆனா உவமை இங்க கொஞ்சம் இடிக்கும். கலுங்குல வழியறது புதுசா வந்த தண்ணி, கேஷ்ல போறது பழசு. எப்படியோ, கலுங்கு இல்லாத கரை உடையும். மேஜை மேல இருக்கிற சின்ன கிளஸ்டருக்கு இது ரொம்ப முக்கியம். நாங்க அங்க ஓட்டறது கே3எஸ், 2019-ல் ராஞ்சர் நிறுவனம் வெளியிட்ட இலகுவான குபர்னெட்டிஸ். அதோட கூடவே வர்ற லோக்கல் பாத் ஸ்டோரேஜ்ல நீங்க 50 ஜிபி கேட்டீங்கன்னா அது வெறும் பேச்சுதான். அளவை யாரும் அமல்படுத்த மாட்டாங்க. கேஷோட சொந்த உச்சவரம்பு மட்டும்தான் காவல். டிஸ்க் முழுசா நிறைஞ்சா, கேஷ் மட்டும் இல்லை, அந்த நோடுல இருக்கிற மத்த பாட்களும் வெளியேத்தப்படும்.

மூணாவது, எழும் நேரம். சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது டிஸ்க்ல இருக்கிற ஃபைல்களை எல்லாம் ஒருதடவை கணக்கெடுக்கும். லட்சக்கணக்குல ஃபைல் இருந்தா நேரம் எடுக்கும். அதுக்குள்ள குபர்னெட்டிஸ் "உயிரோட இருக்கியா?"ன்னு கேட்டு, பதில் வரலைன்னு கொன்னுடும். திரும்ப எழும், திரும்பக் கணக்கெடுக்கும், திரும்பக் கொல்லும். ஸ்டார்ட்அப் ப்ரோப் தனியா வச்சு தாராளமா நேரம் கொடுங்க.

நாலாவது, வாசல். கிளஸ்டருக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் இன்கிரஸ் இருந்தா, அதோட இயல்பான வரம்பு 1 எம்பி. அதுக்கு மேல பெரிய ஃபைல் ஏத்தினா 413 பிழை வரும். கேஷ் வேலை செய்யற மாதிரியே தெரியும். சின்ன ஃபைல்கள் எல்லாம் போகும். ஏத்தறதுக்கே லாபமான பெரிய ஃபைல்கள் மட்டும் சத்தமில்லாம விழுந்துடும். அந்த வரம்பை எடுத்துவிடுங்க.

அஞ்சாவது, பேக்கப். வேண்டாம். கேஷ் என்பது முழுசா அழிஞ்சாலும் திரும்ப உருவாக்கிக்கக்கூடிய பொருள். ஒரு நாள் எல்லாருக்கும் மெதுவா இருக்கும், அவ்வளவுதான். ஆனா இதுக்கு ஒரு மறுபக்கம் உண்டு: வாடிக்கையாளருக்கு அனுப்பின ரிலீஸ் ஃபைல் மாதிரி, தொலைஞ்சா திரும்பக் கிடைக்காத எதையும் இங்க வைக்காதீங்க.

கரன்ட் போனா?

இந்தப் பக்கம் மாதாந்திர பராமரிப்புன்னு ஒருநாள் காலையில கரன்ட் நிறுத்தினா, சாயங்காலம்தான் வரும்னு எல்லாருக்கும் தெரியும். யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்கு மேல மேஜை கிளஸ்டர் படுத்துடும்.

அதனால விதி: கேஷ் இல்லைன்னாலும் பில்ட் ஓடணும். கேஷ் ஒரு வசதி, அஸ்திவாரம் இல்லை. பேஸெல் இதுக்கு அமைப்பு வச்சிருக்கு. பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறும். அதனால ஆவணத்தைப் படிச்சு நம்பறதை விட, ஒருநாள் மதியம் டீமுக்குச் சொல்லிட்டு, வேணும்னே கேஷ் பாட்-ஐ நிறுத்திப் பாருங்க. பில்ட் நடுவுல நிறுத்துங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் நிறுத்துங்க. ரெண்டுலயும் பில்ட் மெதுவா முடியணும். எர்ரர் அடிச்சு நின்னா, இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

மேஜை கேஷை மும்பை கேஷுக்கு முன்னால ஒரு ப்ராக்ஸியா வச்சிருக்கோம். பேஸெல்-ரிமோட்ல இதுக்கு வசதி இருக்கு. தன்கிட்ட இல்லைன்னா மேல கேட்கும், வாங்கி ஒரு நகல் தன்கிட்டயும் வச்சுக்கும். அருப்புக்கோட்டையில முதல் ஆள் இறக்கினதை ரெண்டாவது ஆள் உள்ளூர்லயே எடுத்துக்கலாம். திருச்சுழிப் பொண்ணு வீட்ல இருக்கும்போது நேரா மும்பைக்குப் போவாங்க, இங்க ஆபீஸ் வந்தா மேஜை கேஷ்.

ஊருணிக்குள்ள கால் வைக்கக் கூடாது

எங்க ஊர்ப் பக்கம் குடிதண்ணி ஊருணிக்குன்னு எழுதாத சட்டம் உண்டு. எல்லாரும் குடத்துல மொண்டுக்கலாம். ஆனா அதுல குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. ஒருத்தர் கால் வச்சா, ஊரே அதைத்தான் குடிக்கணும்.

கேஷும் அப்படித்தான். உள்ளடக்கக் கிடங்குல பொய் சொல்ல முடியாது. ஃபைலோட பேரே அதோட ஹேஷ், மாத்தினா பேர் ஒத்துப்போகாது, பிடிபடும். ஆனா பேரேட்டுல பொய் சொல்லலாம். "இந்த வேலையோட விளைவு இது"ன்னு ஒருத்தர் எழுதினா, சர்வருக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை. சரிபார்க்கணும்னா அந்த வேலையைத் திரும்பச் செய்யணும், அப்புறம் கேஷ் எதுக்கு?

இது கற்பனைப் பயம் இல்லை. 2025-ல் சிவிஇ-2025-36852 என்ற எண்ணோட ஒரு குறைபாடு வெளியானது. க்ரீப்னு பேர் வச்சாங்க. எஸ்3 மாதிரி பக்கெட்டை அப்படியே பில்ட் கேஷா பயன்படுத்துற அமைப்புகள்ல, புல் ரிக்வெஸ்ட் அனுப்ப அனுமதி இருக்கிற யார் வேணும்னாலும், கெட்ட விளைவை முந்திக்கொண்டு கேஷ்ல போட்டுட முடியும். அப்புறம் நம்பகமான மெயின் பில்ட் வந்து, "ஏற்கனவே செஞ்சிருக்கே"ன்னு அதை எடுத்துப் புரொடக்ஷனுக்கு அனுப்பிடும். கோட் ரிவியூவுல எதுவும் தெரியாது. ஏன்னா கோடுல எதுவும் இல்லை.

அதனால எங்க விதி ஊருணி விதிதான். மொண்டுக்கறது எல்லாரும், ஊத்தறது மெயின் பிராஞ்ச் சிஐ மட்டும். டெவலப்பர் லேப்டாப்கள்ல "ரிசல்டை ஏத்தாதே"ன்னு பேஸெல் ஃப்ளாக் போட்டிருக்கு. ஆனா லேப்டாப்ல இருக்கிற ஃப்ளாக்கை யாரும் எடுத்துடலாம், அது ஒழுக்கம் மட்டுமே. உண்மையான பூட்டு சர்வர்ல இருக்கணும்: படிக்க ஒரு அனுமதி, எழுத வேற அனுமதி. பேஸெல்-ரிமோட்ல கடவுச்சொல் ஃபைல் வச்சு எழுதறதைப் பூட்டிட்டு, படிக்கறதை மட்டும் திறந்துவிட முடியும். எழுதற சான்று மெயின் பிராஞ்ச் சிஐ வேலைக்கு மட்டும். புல் ரிக்வெஸ்ட் பில்டுக்கு அது தெரியவே கூடாது. திறந்துவிட்ட படிக்கும் பக்கமும் உள் நெட்வொர்க்குக்கோ விபிஎன்னுக்கோ மட்டும்.

ஹிட் விகிதம் ஏன் கம்மி?

கேஷ் நிறுத்தி ஒரு வாரம் கழிச்சு பல டீம் சொல்றது: "எல்லாம் ஓடுது, ஆனா எதுவும் கேஷ்ல கிடைக்க மாட்டேங்குது." சாவி ஒத்துப்போகலைன்னு அர்த்தம். ஒருத்தர் மெஷின்ல பாத் சூழல் மாறி வேற மாதிரி இருந்தா சாவி மாறிடும். பில்டுக்குள்ள யாராவது இன்னைய தேதி, நேரத்தைப் பொதிஞ்சா, அந்த ஃபைலைச் சார்ந்த எல்லாமே ஒவ்வொரு தடவையும் புதுசு. முழு ஃபோல்டர் பேரை விளைவுக்குள்ள எழுதினாலும் அதே கதை.

இதைவிட ஆபத்து, ஒத்துப்போகக் கூடாதது ஒத்துப்போறது. மெஷின்ல நிறுவியிருக்கிற கம்பைலரை பேஸெல் தானா ஆராயறது இல்லை. ரெண்டு பேர் மெஷின்ல ஒரே இடத்துல வேற வேற பதிப்பு ஜிசிசி இருந்தா, சாவி ஒண்ணாயிடலாம், விளைவு வேற. அதனால கம்பைலரையும் பில்டோட உள்ளீடா ஆக்குங்க, இல்லைன்னா எல்லாரும் ஒரே கன்டெய்னர் இமேஜுக்குள்ள பில்ட் பண்ணுங்க. கேஷ் நிறுத்தற முயற்சியில டீமுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இந்த ஒழுங்குதான்னு கூடச் சொல்லுவேன்.

அளந்து பாருங்க. பேஸெல்-ரிமோட் ப்ரோமிதியஸுக்கான அளவீடுகளைத் தரும். எத்தனை ஹிட், எத்தனை மிஸ், டிஸ்க் எவ்வளவு. ஆனா ஹிட் விகிதத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீங்க. ஆள் எவ்வளவு நேரம் காத்திருக்காங்கங்கறதுதான் உண்மையான அளவு. அதுவும் சராசரி வேண்டாம்; டீம்லயே மெதுவான மெஷின் வச்சிருக்கிறவங்களோட நேரத்தை எடுங்க.

ஒரு கேள்வி

திருச்சுழிப் பொண்ணு என்கிட்ட கேட்டாங்க: "அண்ணே, இதுக்கு எனக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தர்றது சுலபம் இல்லையா?" நியாயமான கேள்வி. பதில்: ரெண்டு பேர் டீம்னா, ஆமா, லேப்டாப்பே வாங்குங்க. பில்ட் மொத்தமே மூணு நிமிஷம்னாலும் இதெல்லாம் வேண்டாம். ஆனா ஆள் கூடக் கூட, ஒரே வேலையை ஒவ்வொருத்தர் மெஷினும் தனித்தனியா செய்யும். சிஐயும் அதையே திரும்பச் செய்யும். அங்க நிமிஷத்துக்குக் காசு. அந்த இடத்துல கேஷ் ஜெயிக்கும். ரெண்டும் வேணும்னு கேட்கறதுலயும் தப்பில்லை. நான் அவங்களுக்காக ரெண்டையும்தான் கேட்டிருக்கேன்.

சரி, இந்த வாரம் செய்ய ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சர்வர் எதுவும் நிறுத்தாதீங்க. உங்க லேப்டாப்லயே லோக்கல் டிஸ்க் கேஷை ஆன் பண்ணுங்க, பில்ட் பண்ணுங்க, அவுட்புட்டை அழிச்சுட்டு திரும்ப பில்ட் பண்ணுங்க. ரெண்டாவது தடவை எது எதெல்லாம் திரும்ப ஓடுச்சோ, அந்தப் பட்டியலை எழுதி வைங்க. அதைச் சரிபண்ணாம கிளஸ்டர்ல எவ்வளவு பெரிய கேஷ் கட்டினாலும், மடை உடைஞ்ச கண்மாய் மாதிரிதான். பட்டியல் காலியாகட்டும், அப்புறம் கட்டலாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.